மேட்டுக் கான் இன்னும் வெட்டப்படவில்லை

எங்கள் அண்ணன் அவர்களுக்கு வீட்டுக்கு முன் தண்ணீருக்கு வழி என்ற அந்த யோசனை முதன்முதலில் பிடித்தது சோற்றுத் தட்டின் முன்னால்தான். தெல்தோட்டையில் அவர் பிறந்த தோட்டத்து வரிசை வீடான லயக்காம்பராவின் பின்சுவர் மழையில் ஊறி, மண் கரைந்து தட்டிலேயே விழுந்ததாம். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய், மேல் சரிவில் மண்வெட்டியால் தண்ணீர் வடிய ஒரு கான் இழுத்தார். தண்ணீர் வேறு பக்கம் திரும்பிப் போனது. பிறகு பெண் பார்க்கப் போன இடத்திலும் முதலில் வீட்டுப் பின்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தவர் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

அப்பா காலமானதும் படிப்பை விட்டுக் கண்டிக்கு வந்து, கல் சுமந்து, கொத்து வேலை பழகி, தாமே கட்டட ஒப்பந்தம் எடுக்குமளவுக்கு உயர்ந்தார். தங்கையாகிய என்னைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்த்தவரும் அவரே.

ஏழைக் குடும்பங்களுக்கு மலைச்சரிவில் வீட்டு வரிசை கட்ட எங்கள் கத்தோலிக்கக் கோயில் சபை அவரை அழைத்தது. மேட்டில் கானையும் அணைச்சுவரையும் முதலில் முடிப்போம் என்றார். திருவிழாவுக்குள் சாமியாரைக் கொண்டு வீடுகளை ஆசீர்வதித்து மந்திரிக்க வேண்டுமென்பது சபையின் அவசரம். சபைத் தலைவரான எங்கள் பெரியப்பா எல்லார் முன்னிலையிலும் கேட்டார்:

"ஏன்டா தம்பி, சாமியார் வந்து கானையா மந்திரிப்பாரு? மொதல்ல சுவத்த எழுப்பு."

சபையே சிரித்தது. அண்ணனும் சிரித்துவிட்டு, "சுவத்த எழுப்பிடலாம் பெரியப்பா. தண்ணிக்கு யாரு திருவிழாத் தேதி சொல்றது?" என்றார்.

வீடுகள் எழுந்தன, மந்திரிக்கப்பட்டன. கான் அடுத்த மாதம் என்றார்கள். அடுத்த மாதமும் அதையே சொன்னார்கள்.

ஐப்பசி மழையில் மேட்டில் வெடிப்புக் கண்ட அண்ணன், காலையிலேயே கதவு கதவாகத் தட்டி எல்லாரையும் கோயில் மண்டபத்துக்கு அனுப்பினார். முனகியவர்களும் உண்டு. மாலைக்குள் கடைசி மூன்று வீடுகளின் பின்சுவர் மண்ணோடு உள்ளே சரிந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. மற்ற வீடுகளைக் காக்க நாள் முழுதும் நனைந்தபடி தண்ணீரைத் திருப்பிய அண்ணனுக்குத்தான் நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல் இறங்கவேயில்லை. நினைவு தப்புமுன் என்னிடம் கேட்டார்:

"தங்கச்சி, கான் வெட்டுறாங்களா?"

"இன்னும் இல்லண்ணே."

"அப்ப மண்டபத்துல இருக்கிற புள்ளைகள வீட்டுக்கு அனுப்பாத."

மழை சற்று விட்டதும் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். நான் சொல்லி யார் கேட்டார்கள்?

அண்ணன் போனது கடவுள் சித்தம் என்று ஆறுதல் சொல்ல வருகிறீர்கள். உங்கள் அன்பில் குறையில்லை. ஆனால் கானை வெட்டாதே என்று ஆண்டவர் எங்கே சொன்னார்? போன கிழமை போய்ப் பார்த்தால், ஈரம் காயாத அதே மண்ணில் இடிந்த மூன்று வீடுகளுக்கும் அத்திவாரக் கயிறு கட்டியாயிற்று. வருகிற திருவிழாவுக்குள் மந்திரிக்கவாம். கான் கடைசியில்தானாம். இன்னும் எப்படித்தான் விளங்கப்படுத்துவது?

ரிக்‌ஷா ஏறாத மேட்டுக்கு நடந்தே வந்த டொக்டர் ஐயாவுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்ட கெலிஓயா மாமா குடும்பத்துக்கும், கல்லறைவரை சுமந்த வேலைத் தோழர்களுக்கும், கட்டிலை விட்டு நகராத பெரியப்பாவுக்கும் எங்கள் நன்றி.

இன்று முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும், பந்திக்கு முன் நாங்கள் மேட்டுக்குப் போகிறோம். தோழர்கள் மண்ணைப் பெயர்க்க அலவாங்கு கொண்டுவருகிறார்கள். அந்த அத்திவாரக் கயிற்றை அவிழ்த்து, கான் போகவேண்டிய வழியில் நானே கட்டப்போகிறேன். மறு நுனியைப் பிடிக்க ஒருவர் வேண்டும். பெரியப்பா, நீங்கள் வாருங்கள்.