மறுபடி அக்காவும் அறுபது உருளைகளும்

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குப் பெயர் 'மறுபடி அக்கா'. எந்த முடிவில் சந்தேகம் வந்தாலும் அந்த ஒரு சொல்தான் வாயில் வரும். பாட்டில் கழுவ வந்தவர். அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி, இருபத்திரண்டு வருடத்தில் அறிக்கைகளில் கையெழுத்திடும் இடத்துக்கு வந்திருக்கிறார். "அம்மா கதவைப் பூட்டினா மூணு தடவை இழுத்துப் பார்ப்பாங்க" என்று அவர் மகள் கேலி செய்வாள்.

அந்த வாரம் ஒரு மருத்துவமனை, அறுவை அறைக்கு வாங்கப்போகும் கிருமிநாசினியைச் சோதிக்க அனுப்பியிருந்தது. விரல்நுனி அளவுள்ள அறுபது எஃகு உருளைகளில் கிருமிகளைப் பூசி உலர்த்துவோம். பத்து நிமிடம் மருந்தில் முக்கி, ஒவ்வொன்றையும் சத்துநீர் உள்ள குழாயில் போடுவோம். இரண்டு நாளில் நீர் கலங்கினால் கிருமி பிழைத்துவிட்டது என்று அர்த்தம். மூன்றுக்கு மேல் கலங்கினால் மருந்து தேறாது.

அக்கா செய்தபோது ஒன்பது கலங்கின. நான் செய்தபோது ஒன்றுகூட இல்லை.

"இந்தப் பொண்ணு செஞ்சதையே அனுப்பிடலாம். வெள்ளிக்கிழமை கேட்டிருக்காங்க" என்றார் மேலாளர்.

"ஆள் பார்த்துச் சாகுமா சார் கிருமி? ரெண்டுல ஒண்ணு தப்பு. எதுன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப வேற ஆளை வெச்சுப் போட்டுக்கறேன்."

"போடுங்க. அந்த அறையில படுக்கப்போறவங்களுக்கு நீங்க பதில் சொல்லுங்க."

மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே மருத்துவமனையிடம் ஒரு வாரம் தவணை வாங்கினார். எனக்கோ உள்ளூர ஆசை, என் முடிவே சரியாக இருக்க வேண்டும் என்று. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அந்த ஆசைக்கும் உண்மைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யோசிக்கவில்லை.

"அன்னைக்குச் செஞ்ச மாதிரியே செய்ம்மா. ஒண்ணும் மாத்தாதே" என்று அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உருளைகளில் கிருமிகளைப் பூசினேன். இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் உலர வைத்தேன். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க?"

"சாப்பிட, அக்கா. அன்னைக்கும் இந்த நேரத்துலதான் போனேன்."

"எப்ப திரும்பி வந்தே?"

"ரெண்டு மணி நேரம் ஆயிருக்கும். நல்லாக் காய்ஞ்சா நல்லதுதானேன்னு..."

உலர்த்த விதிப்படி நாற்பது நிமிடம்தான். நாற்பது நிமிடம் காய்ந்ததையும் இரண்டு மணி நேரம் காய்ந்ததையும் மருந்தே படாமல் கழுவி, அந்த நீரைத் தட்டுகளில் வளர்த்து, உயிரோடிருந்த கிருமிகளை எண்ணினோம். முதலாவதில் பத்து லட்சம். இரண்டாவதில் சில ஆயிரம்தான்.

"மருந்து கொன்னுச்சுன்னு நினைச்சோம்" என்று சிரித்தார் அக்கா. "முக்காலே மூணு வீசத்தை நீ சாப்பிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிருக்கே."

முகம் சுட்டது. ஆனாலும் எண்ண வேண்டிய அடுத்த தட்டை நானே எடுத்தேன்.

அன்றே அக்கா ஒரு விதி எழுதி ஒட்டினார்: ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று உருளைகளை மருந்தில் முக்காமல் கழுவி, அவற்றிலுள்ள கிருமிகளை எண்ண வேண்டும், எண்ணிக்கை குறைந்தால் அந்தத் தொகுதியே செல்லாது. பிறகு இருவரும் தனித்தனியே செய்தோம். அவருக்கு எட்டு கலங்கின, எனக்கு ஏழு.

'தேறவில்லை' என்று எழுதி அக்கா கையெழுத்துப் போட்டார்.

"மருந்துக் கம்பெனிக்காரன் சண்டைக்கு வருவான்" என்றார் மேலாளர்.

"வரட்டும் சார். வந்தா அவர் கையாலயே செஞ்சு பார்க்கச் சொல்றேன். எண்ணறதுக்கு நாங்க ரெண்டு பேர் இருக்கோம்."