பின்வாசலில் நிறுத்திய ஆள்

மக்கா, நீங்கள் இருவரும் பெரியவர்களாகி வீட்டுக்கு இயந்திரம் வாங்கும்போது நினைவிருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நம் வீட்டுக்கு முதலில் வந்தது தரை பெருக்கும் வட்ட இயந்திரம். மூத்தவனே, அதற்கு ஆமை என்று நீதான் பெயர் வைத்தாய். கட்டிலுக்கடியில் மாட்டிக்கொண்டால் காலால் தள்ளுவோம். அதை நம்பி யாரும் எதையும் விட்டதில்லை.

பிறகு உங்கள் மாமன், தான் வேலை பார்க்கும் பூவார் ரிசார்ட்டில் கழித்துப் போட்ட ஒன்றை ஆட்டோவில் ஏற்றி வந்தான். விருந்தாளிகளுக்குப் படகுத்துறைக்கு வழி காட்ட நின்ற ஆள் உருவ இயந்திரம். தலை, கண், இரண்டு கை. வலக்கை ஓடவில்லை.

“இது என்னத்துக்குலே? நமக்குத்தான் ஆமை உண்டே.”

“ஆமைக்கு மூஞ்சி உண்டா அத்தான்? இது ஆளாக்கும். சும்மா நின்னாலே காவலு.”

நான் பனச்சமூட்டில் மிக்ஸியும் வாஷிங் மெஷினும் பழுதுபார்ப்பவன். மூன்று நாள் உட்கார்ந்து அந்தக் கையை ஓடவைத்தேன். யாராவது முன்னால் வந்தால், “ஸ்வாகதம், இதுவழி வரூ” என்று, இந்த வழியாக வாருங்கள் என மலையாளத்தில் அழைத்துக் கையை நீட்டும். பெருமையோடு பின்வாசலில் நிறுத்தினேன். கை நீளும் பக்கம் கிணறு. கிணற்றுச் சுவர் ஒரு ஓரம் இடிந்து கிடந்தது. இரண்டையும் சேர்த்து நான் யோசிக்கவில்லை.

மாலை ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடுவோம். இளையவளே, உனக்கு அப்போது இரண்டு வயது. அம்மா மட்டும் உனக்காக ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பாள். அன்று இரண்டையும் மூடினாள்.

“அதான் நிக்குல்லா, பிள்ளைய பாத்துக்கிடும்னு நெனச்சிட்டேன்” என்று பிறகு அழுதாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அங்கே ஆமை கிடந்திருந்தால் நினைத்திருப்போமா?

ஜெபத்தின் நடுவில், “இதுவழி வரூ” என்று காதில் விழுந்தது. பாதியில் நிறுத்தக் கூடாதென்று நான் தொடர்ந்தேன். ஆமென் சொல்லிக் கண் திறந்தால் பாயில் நீ இல்லை. பின்வாசலில் அந்தக் கை நீண்டபடியே இருந்தது.

நீ இடிந்த சுவரின் கல்மேல் ஏறி, உள்ளே குனிந்து நின்றாய். ஓடிப் பிடித்தேன். நீ அழவில்லை.

“ஆளு போவச் சொல்லிச்சு” என்றாய்.

மறுநாளே கிணற்றுச் சுவரைக் கட்டி, மேலே இரும்பு வலை போட்டேன். அந்த உருவத்தைக் கழற்றித் துண்டு துண்டாகப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டேன். ஆமை இன்றும் பெருக்குகிறது. பெருக்கும் வேலைக்குக் கண்ணும் கையும் எதற்கு?

இப்போது ஜெபத்தில் நான் கண்ணை மூடுவதில்லை. இளையவளே, நீயும் மூடுவதில்லை. வெறுமையாய்க் கிடக்கும் பின்வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்.