வெளியே பூட்டிய வீடு

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது இது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு கைலாசபுரம் பக்கம் வேலை. தினமும் காவிரிப் பாலம் தாண்டிப் போய்வந்து அலுத்துப்போனதால் அங்கேயே வீடு பார்த்து, ஆவணி பிறந்ததும் காலி செய்வதாக ஓனர் மாமாவிடம் சொல்லிவிட்டோம். அன்றிலிருந்து பிடித்தது சனி. ஆடியில் யாரும் புது வீட்டுக்குக் குடி போக மாட்டார்கள், ஆனால் வீடு பார்க்க என்ன தடை? ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இப்போதே இடம் பிடிக்க வேண்டும் என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். சமையலறை எந்த மூலை, குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்ப்பதோடு நிற்காமல், பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. மாமா பக்கத்துத் தெருவில் இருந்தார். நல்ல மனுஷர், ஆனால் வாயில் ஒன்றும் தங்காது.

என் பயம் வேறு. அப்போது என் தங்கை எங்களோடு இருந்தாள். தொட்டியத்தில் கட்டிக்கொடுத்த இடம். குடித்துவிட்டு வந்து அடிக்கிற மனுஷனிடமிருந்து கட்டிய புடவையோடு தப்பி வந்திருந்தாள். எங்கே இருந்தாலும் தூக்கிக்கொண்டு வருவேன் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் சென்னையில் ஹாஸ்டலில் இருப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தோம், மாமாவிடமும் மூச்சுவிடவில்லை. வீடு பார்க்க ஆள் வந்தால் அவள் பாத்ரூமுக்குள் புகுந்துகொள்வாள், கணவர் குளிக்கிறார் என்று சமாளிப்பேன்.

பகலில் நாங்கள் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகச் சொல்வாள். பூட்டு தொங்கினால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. ஆபத்து சமயத்தில் எப்படி வெளியே வருவாய் என்று என் கணவர் சத்தம் போட்டும் கேட்கவில்லை. நானும் அதுதான் பத்திரம் என்று நம்பினேன்.

தில்லைநகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடுகிற வேலை எனக்கு. ஒரு நாள் மத்தியானம் கவுண்டரில் நல்ல கூட்டம். தங்கையிடமிருந்து போன்.

"அக்கா, யாரோ பூட்டைத் திறக்கறாங்க" என்றாள் கிசுகிசுத்த குரலில். அவ்வளவுதான். அவள் பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டது. போனை அவள் அணைக்கவில்லை. நானும் அணைக்கவில்லை. நான் பேசினால் என் குரல் அந்தப் பாத்ரூமுக்கு வெளியே கேட்டுவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

மாமாவின் குரல். அப்பாடா, திருடன் இல்லை என்று ஒரு நொடி மூச்சு வந்தது. பூட்டே அவர் கொடுத்ததுதான், ஆத்திர அவசரத்துக்கு என்று ஒரு சாவியை அவரே வைத்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஃபேனை அணைக்காம போயிருக்கா பாருங்கோ" என்று யாரிடமோ குறை சொல்லிக்கொண்டிருந்தார். கூட வந்த ஆண் குரல், தாங்கள் தொட்டியம் என்றும், வாழை விவசாயம் என்றும், பிள்ளைகள் படிப்புக்காக இங்கே வீடு பார்ப்பதாகவும் சொன்னது.

என் தங்கை புருஷன் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறவன். அந்த ஊரில் வாழை போடுகிற யாருக்கு அவனைத் தெரியாது? இந்த ஆள் ஒரு தடவை இவள் முகத்தைப் பார்த்தால் போதும், பொழுது சாய்வதற்குள் அவன் இங்கே வந்து நிற்பான்.

பக்கத்து சீட்டுப் பெண்ணின் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி மாமாவைக் கூப்பிட்டேன். அவர் செல்போனின் நாதஸ்வரம் இந்தப் பக்கம் என் காதிலேயே கேட்டது. தெரியாத நம்பர் என்று சொல்லிக் கட் செய்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி கட். கவுண்டரில் நின்ற பெரியவர் ஒருவர் சீக்கிரம் பில்லைப் போடும்மா என்று திட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குள் அந்த ஆள் பாத்ரூம் கதவைத் தள்ளினார். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதே என்றார். வெளியே பூட்டின வீட்டில் உள்ளே யார் தாழ்ப்பாள் போடப்போகிறார்கள், மழை ஈரத்தில் கதவு உப்பி இறுகியிருக்கும், ஓங்கித் தள்ளுங்கோ என்றார் மாமா. தோளால் இடிக்கிற சத்தம் கேட்டது. ஒருமுறை. இன்னொரு முறை. ரங்கநாதா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் அதுவரை பேசாத ஒரு பெண் குரல் கேட்டது. "விடுங்க. அடுத்தவங்க குடியிருக்கற வீட்டுக் கதவை நாம எதுக்கு உடைக்கணும்? நீங்க போயி மொட்டை மாடியப் பாத்துட்டு வாங்க." அந்த ஆளின் மனைவி. ஆண்கள் இரண்டு பேரும் படியேறும் சத்தம் கேட்டது. பிறகு அந்தம்மா குரல் கதவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தது.

"நாங்க போறோம்மா. பயப்படாதீங்க."

கவுண்டரிலேயே அழுதுவிட்டேன். திட்டிக்கொண்டிருந்த பெரியவர் பயந்துபோய், பில் மெதுவாகவே போடும்மா என்றார். சமையலறையில் பாதி சாப்பிட்ட தயிர்சாதத் தட்டு அப்படியே இருந்தது என்று தங்கை பிறகு சொன்னாள். அதை அந்தம்மா பார்த்திருக்க வேண்டும்.

சாயந்திரம் ஆத்திரத்தோடு மாமா வீட்டுக்குப் போனேன். கேட்காமல் எப்படித் திறக்கலாம் என்று சண்டை பிடித்தேன். அவர் பரிதாபமாக விழித்தார். "பூட்டியிருந்துதேன்னுதாம்மா திறந்தேன். உள்ள ஆள் இருந்தா தட்டாம வந்திருப்பேனா?"

எதை நம்பி அவளை உள்ளே வைத்துப் பூட்டினேனோ, அதுவேதான் அவரை உள்ளே வரவைத்திருக்கிறது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். மாமா எழுந்தார். உள்ளே போய் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். ஓனரே ஆனாலும் ஒரு நாள் முன்பே தகவல் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம், தங்கையின் விவாகரத்து வழக்கைப் பார்க்கிற வக்கீல் பிறகு சொன்னார். வாயில் ஒன்றும் தங்காத மாமா, இந்த விஷயத்தை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டை இன்னொரு தடவை பார்க்க அந்தம்மா வருவதாக முதல் நாளே மாமா போன் செய்தார். தனியாகத்தான் வந்தார். கதவு திறந்திருந்தும் உள்ளே காலெடுத்து வைக்காமல், "வரலாமாங்க?" என்று வாசலிலேயே நின்றார். நான் எழுந்திருப்பதற்குள், வந்ததிலிருந்து யார் முன்னாலும் வராத என் தங்கை அந்தக் குரலைக் கேட்டுவிட்டு ரூமிலிருந்து வெளியே வந்தாள். "வாங்கக்கா" என்றாள்.

யார், எந்த ஊர், ஏன் என்று அந்தம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் இன்னும் கதவு இறுகிக் கிடந்துச்சுன்னுதான் நெனச்சிட்டிருக்காரு" என்று மட்டும் சொன்னார். தங்கை சிரித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆவணியில் நாங்கள் காலி செய்த அந்த வீட்டுக்கு அவர்களே குடிவந்தார்கள். தங்கையின் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, அவளும் ஒரு வேலைக்குப் போகிறாள். நான் இப்போது எங்கள் வீட்டு ரூம் கதவையே தட்டிவிட்டுத்தான் திறக்கிறேன். உள்ளே இருப்பவர் எதற்குப் பயந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிற்கிறாரோ, வெளியே நிற்கிற நமக்கு என்ன தெரியும்?