புகை போட வந்த மாமா

எங்கள் தெருவில் கொசு மருந்து அடிக்க வந்தால் அக்கம்பக்கத்தார் ஜன்னலைச் சாத்துகிறார்கள். எனக்கு மட்டும் முழங்காலிடத் தோன்றுகிறது. மூட்டுவலி இருப்பதால் தோன்றுவதோடு சரி.

பம்மலில் நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, எங்கள் கோயிலின் ஓய்வுநாள் பள்ளி விழாவில் ஏசாயா தீர்க்கதரிசி கண்ட தரிசனத்தை நாடகமாகப் போட்டார்கள். உயர்ந்த சிங்காசனத்தில் கடவுள், சுற்றிலும் ஆறு சிறகுள்ள சேராபீன்கள் என்னும் தேவதூதர்கள், ஆலயம் நிறையப் புகை. கண்ட மனிதர், தம் உதடு அசுத்தமானது என்று நடுங்குகிறார். ஒரு சேராபீன் பலிபீடத்துத் தழலை இடுக்கியில் எடுத்துவந்து அவர் வாயைத் தொட்டுச் சுத்தமாக்குகிறான். படுக்கைவிரிப்பைப் போர்த்திய அப்பாதான் ஏசாயா. தழல் கொண்டுவரும் சேராபீன் நான். திறமை காரணமல்ல, இடுக்கி எங்கள் வீட்டுடையது.

சிறகெல்லாம் தர்மாகோல். முகத்தை மூடும் இரண்டை அக்காவின் ஹேர்பேண்டில் கட்டியிருந்தார்கள். ஒத்திகையில் ஒருமுறை விலக்கிப் பார்த்ததற்கு டீச்சர் காதைத் திருகினார்.

"சாமி முன்னாடி தேவதூதனே மூஞ்சிய மூடிக்கிறான். ஒனக்கென்ன வேடிக்கை?"

புகைக்குத்தான் மாமா. அம்மாவின் அண்ணன், கொசு மருந்து அடிப்பது அவர் வேலை. தோளில் இயந்திரம் உறுமப் போகிறவரின் பின்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓடுவது எங்கள் சாயங்கால விளையாட்டு. அவர் இமைகூடச் சிமிட்டமாட்டார். தம் மனைவியை, எங்கள் அத்தையை, அடக்கம் செய்த அன்று பீடத்தைப் பார்த்து நின்று, கடவுளை அச்சிலேறாத வார்த்தைகளால் திட்டிவிட்டு வெளியேறியவர். அதன்பின் உள்ளே கால் வைக்கவில்லை. ஞாயிறுதோறும் அம்மா தன் பக்கத்தில் ஓர் இடம் விட்டே உட்காருவாள்.

"நீ உள்ள வரவேணாம்ணா. புகை மட்டும் போட்டுக் குடு," என்றாள்.

"ஜன்னலாண்ட நின்னு அடிச்சிட்டு போய்க்கினே இருப்பேன். உங்க சாமிக்கும் எனக்கும் பேச்சு கெடையாது."

சாம்பிராணி போதாதா என்று ஆயர் கேட்டார். வேதத்தில் ஆலயம் 'நிறைந்தது' என்றிருப்பதை அம்மா பணிவோடு நினைவூட்டினாள்.

விழாவன்று நாங்கள் 'பரிசுத்தர்' என்று மும்முறை கூவியதும் ஜன்னல் வழியே புகை வந்தது. வந்துகொண்டே இருந்தது. மாமா எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். ஏசாயா 'ஐயோ' என்று தொடங்கி நாலு வரி பேச வேண்டும். அப்பா 'ஐயோ' மட்டும் சொன்னார். மிச்சத்தை வெளியே வேப்பமரத்தடியில் சொல்லியிருக்கலாம். சபையாரும் சக சேராபீன்களும் அவரைப் பின்பற்றினார்கள். நான் நின்றேன். பக்தியால் அல்ல, காதின் ஞாபகத்தால்.

வெளியே அம்மா என் பெயரைச் சொல்லி அலறினாள். இயந்திரம் நின்றது. புகைக்குள் யாரோ நடந்து வந்தார்கள். செருப்புச் சத்தமில்லை, அந்த அவசரத்திலும் வாசலில் கழற்றியாயிற்று.

"மாப்ள, எங்கடா கீற?"

சிறகை ஒரு விரல் அளவு விலக்கினேன். என்னைத் தூக்கக் கை நீட்டிய மாமா, எனக்குப் பின்னாலிருந்த பீடத்தைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. தலைத்துண்டை அவிழ்த்தார். மெல்ல முழங்காலிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பாவம், புகை கரிக்கிறது என்று நினைத்தேன்.

என் காட்சி பாக்கி இருந்தது. ஏசாயாவோ மரத்தடியில். இடுக்கியில் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் பல்பு தயார். எதிரே முழங்காலில் ஓர் ஆளும் தயார். மாமாவின் உதட்டில் அதை வைத்து, உன் குற்றம் நீங்கிற்று என்ற பொருளில் எனக்கிருந்த ஒரே வசனத்தை இருமலோடு ஒப்பித்தேன். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் இடுக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

பிறகு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"ரெக்கை இருந்தும் பறந்து போவலியே, உம் புள்ள," என்று அம்மாவிடம் தந்தார்.

"மாமா கண்ல புகை பட்டுடுச்சும்மா," என்று விளக்கினேன்.

அம்மா அவர் முகத்தையும் வெறுங்காலையும் பார்த்தாள். "ஆமாண்டா, புகைதான்," என்றாள்.

அடுத்த ஞாயிறு அம்மா பக்கத்து இடத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் அவர் கண் கலங்கித்தான் இருந்தது. ஒரு வாரமாகியும் விடவில்லையே, ரொம்பக் காட்டமான மருந்துதான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.