திரையை இறக்கியது யார்?

போன ஞாயிறு, புதுப்பட்டினத்தில் ஒரு இரங்கல் கூட்டம். ஷாமியானா, நாற்காலிகள், ஆளுயர ஃப்ளெக்ஸ். ஃப்ளெக்ஸில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தவர் ஏழுமலை. மீன் பிடிக்கிறவர். வியாழன் விடிகாலையில் சின்ன பைபர் படகில் தனியாகப் போனவர், திரும்பவில்லை.

உடல் கிடைத்ததா? இல்லை. படகாவது? அதுவும் இல்லை. அப்புறம் எதற்கு இரங்கல்?

சிறப்பு விருந்தினருக்கு அந்த ஞாயிறை விட்டால் வேறு தேதி இல்லையாம்.

இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்த நான்கு படகுகளும் அன்று கரையில் கிடந்தன. அவற்றை ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஷாமியானாவுக்குள். மரியாதைக்கு வந்தே ஆகணும் என்று கூட்டம் நடத்திய மன்றத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் தெருக் கவிஞர் மைக்கைப் பிடித்தார். 'வாழ்க்கை ஒரு நாடகம்'... எனக்கு மனப்பாடம். ஒரு பணி நிறைவு விழாவில் கேட்டேன். ஒரு நிச்சயதார்த்தத்தில் கேட்டேன். சிங்கப்பெருமாள்கோயில் பஜாரில் ஒரு மொபைல் கடைத் திறப்பிலும் கேட்டேன். பெயரை மட்டும் மாற்றுவார்.

ஒரே உருவகத்தைப் பிடித்துக் கடைசி வரி வரை இழுப்பது தப்பில்லை. கருப்பை ஒப்பனை அறை. அழுகை முதல் வசனம். சொந்தக்காரர்கள் துணை நடிகர்கள். கடவுள் இயக்குநர். இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நாடகம் என்று ஆரம்பித்தால் கடைசியில் திரை விழுந்தாகணுமே! ஏழுமலை செத்தால்தான் கவிதை முடியும்.

செத்தார். "கடல் மேடையில் வேடம் முடித்தான், ஒப்பனை கலைத்தான், திரை விழுந்தது" என்று குரலை நடுங்கவிட்டார் கவிஞர். நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். வெட்கக்கேடு.

முன்வரிசையில் ஏழுமலையின் மனைவி தேவகி. அதுவரை அழவில்லை. எழுந்தாள்.

"யோவ், திரைய யாரு வுட்டது?"

கவிஞர் மைக்கிலேயே விளக்கினார். "அது உருவகம்மா. காலம்தான் திரை..."

"இன்னா காலம்? அவரு இன்னும் கடல்ல கீறாரு. தேடப் போவ வேண்டியவனுங்கள இங்க குந்த வச்சிகினு, நீ பாட்டுக்கு முடிச்சிவுடற?"

பின்வரிசைப் பக்கம் திரும்பினாள். அங்கே ஏழுமலையின் தம்பி முருகன்.

"டேய், நீ இன்னாடா பாத்துகினு கீற? உங்க அண்ணன் தான அவரு?"

முருகன் லுங்கியை மடித்துக் கட்டினான். "டீசல் போட்டு ரெடியாதான் கீது அண்ணி. போலாம்னு ஒருத்தரும் சொல்லல."

பத்து நிமிஷத்தில் நாற்காலிகள் காலி. நான்கு படகும் தண்ணீரில். கவிஞர் கையில் இன்னும் இரண்டு பக்கம் மிச்சம். சிறப்பு விருந்தினர் வந்து இறங்கியபோது அவரைப் பார்த்துச் சிரிக்க ஃப்ளெக்ஸ் மட்டும்தான் இருந்தது.

வாழ்க்கை நாடகம் என்று சொல்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருத்தரும் மேடையில் இருக்க மாட்டார். முன்வரிசையில், ஃபேனுக்குக் கீழே இருப்பார். என்ஜின் நின்று நடுக்கடலில் கிடக்கிறவனிடம் போய் "இதில் உன் வேடம் என்ன தம்பி?" என்று கேட்டுப் பாருங்களேன். தண்ணீர் இருக்கா என்பான்.

ஏழுமலையும் அதைத்தான் கேட்டாராம். திங்கள் காலை, மரக்காணத்துக்கு நேர் கிழக்கே, என்ஜின் நின்றுபோன படகோடு, முருகன் கண்ணில் பட்டார். உதடு வெடித்து, குரல் கம்மிப்போய்... ஆனால் உயிரோடு.

செவ்வாயன்று கவிஞர் எனக்கு போன் செய்தார்.

"சார், ஏழுமலைக்குப் பாராட்டு விழா வைக்கிறாங்களாம். அதே கவிதைதான். 'திரை விழுந்தது'ன்றத மட்டும் 'இடைவேளை விட்டது'ன்னு மாத்திட்டேன். எப்படி?"

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று இங்கே அச்சிட முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போய், விழாவையும் கவிஞர் மாற்றிய வரியையும் தேவகியிடம் சொன்னேன். புருஷனுக்கு சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"கவிஞர வரச் சொல்லு அண்ணாத்த. விழாவ படகுலயே வச்சிக்கலாம். என்ஜின் மட்டும் வாணாம்."