பட்டன் அழுத்தாத பேச்சு

நான் அஞ்சாங் கிளாஸைத் தாண்டாதவன். ஆனா கூக்கால்ங்கிற மலையூர்ல ஆறு ரூம் கட்டி லாட்ஜ் நடத்துறேன். மலையில செல்போன் டவர் எடுக்காது. அதனால ரூமுக்கு ரூம் போன் வைக்கணும்னு நெனச்சேன். திண்டுக்கல்ல ஒரு பழைய இரும்புக் கடையில, ராணுவ ஆபீஸ்ல கழிச்சுப்போட்ட போன்கள் குவிஞ்சு கெடந்துச்சு. கருப்பு, கனம், அடிச்சா ஆளு விழுந்துருவான். அத்தனையும் அள்ளிக்கிட்டு வந்து நானே வயர் இழுத்தேன். படிச்ச எலக்ட்ரீசியன் முடியாதுன்னுட்டுப் போனது தனிக் கதை.

அந்த போன்ல ஒரு விசேஷம். ரிசீவர் கைப்பிடியில ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்துனாத்தான் நம்ம பேச்சு அந்தப் பக்கம் போகும். ரகசிய வேலை நடக்குற எடமில்லையா, பக்கத்துல பேசுறது கம்பி வழியாப் போயிறக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்காங்க.

எனக்கு அது வேற விதமா உதவுச்சு. ரூம்லருந்து யாராச்சும் நச்சரிச்சா, பட்டனை விட்டுட்டு வாய் நெறையத் திட்டுவேன். அப்புறம் அழுத்தி, "இந்தா வெரசா அனுப்புறேங்க சார்"ம்பேன். அடுப்பு முன்னால எம் வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரிப்பா.

ஒரு தடவை மதுரையிலருந்து டிராவல்ஸ்காரர் ஒருத்தர் பொண்டாட்டியோட வந்தாரு. அவருக்குப் பிடிச்சுப்போனா சீசன் பூரா அவர் வண்டி ஆளுக எங்கிட்டத்தான். பிடிக்கலேன்னா ஆறு ரூமும் ஈயோட்டணும். வெள்ளனேயிருந்து போன் மேல போன். வெந்நி ஆறிப்போச்சு, கம்பளி குத்துதுன்னு. கடைசியா, "பூரி உப்பலைங்க."

"ஏலே, உங் கன்னத்துல பாதி உப்புனாக் கூட அது ஊரு கொள்ளாதுடா!"

பட்டனை அழுத்தாமத்தான் திட்டுனேன். ஆனா அந்தப் பக்கத்துலருந்து நிதானமா, "கன்னம் கெடக்கட்டுங்கய்யா. பூரிக்கு வழி சொல்லுங்க."

ரிசீவரைத் திருப்பிப் பாத்தேன். பட்டனை அமுக்கி ரப்பர் பேண்டு சுத்தியிருந்துச்சு.

"மாவுக் கையோட எத்தன தடவ அழுத்துறது? காலையிலேயே போட்டுட்டேன்"ங்குறா எம் வீட்டு மகராசி. அப்படின்னா வெந்நிக்குச் சொன்னது, கம்பளிக்குச் சொன்னது, எல்லாம் போய்ச் சேந்துருச்சு!

சூடா நாலு பூரியை எடுத்துக்கிட்டு ஓடுனேன். புருசனும் பொண்டாட்டியும் ஒரே ரிசீவர்ல காதை ஒட்டிக்கிட்டுச் சிரிக்கிறாங்க.

"பூரிக்கா போன் போட்டோம்? அடுத்து என்ன சொல்லுவீங்கன்னு கேக்கத்தான். எங்க ஆளுகளுக்கும் இப்படித் திட்டு உண்டா?"

"உண்டுங்க. டிபனோட சேத்தி"ன்னு ஒரு நொடி யோசிக்காமச் சொன்னேன். அதுதான் யாவார மூளை.

ஆனா அவர் வண்டி ஆளுக வந்து போன்ல திட்டச் சொல்லிக் கேட்டப்ப, எனக்கு நாக்கு எழும்பல. எம் வீட்டுக்காரிதான் ரிசீவரைப் பிடுங்குனா. அடேயப்பா, என்னா திட்டு! "எங்கடி பழகுன?"ன்னு கேட்டேன். மாவு ஒட்டுன விரலால என்னையே சுட்டிக் காட்டுனா.