பத்தியத்துக்குள் புகுந்த பூண்டு ரொட்டி

பேக்கரி கண்ணாடிக்குள் சீஸ் வழியும் பூண்டு ரொட்டியைப் பார்த்தால், வாங்குகிறேனோ இல்லையோ, அம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிடுவேன். பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. சாப்பிட்டாயா என்று கேட்பேன், வைத்துவிடுவேன்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது அப்பாவின் தங்கை, என் சின்னத்தை, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தாய் இல்லாத பெண். அதனால் அப்பாவின் அக்கா பெரியத்தை, குன்றாண்டார்கோவிலிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். குழந்தை பிறந்த நாளிலிருந்து அடுப்படி அவள் கைக்குப் போனது. பச்சை உடம்புக்காரி எதைத் தின்னலாம், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம் என்பதிலெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். பால் ஊற வேண்டும் என்று காலையில் பூண்டுக் குழம்பு, மத்தியானம் பாதிக்குப் பாதி பூண்டு போட்ட சுறாப்புட்டு, ராத்திரி பாலில் வேகவைத்த பூண்டு. என் பள்ளிக்கூடப் பைகூடப் பூண்டு வாசம் அடித்தது.

சின்னத்தைக்கு அது இறங்கவில்லை. தட்டைக் கண்டாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சாப்பிடாததால் பாலும் சரியாக ஊறவில்லை. குழந்தை பசியில் வீறிடும், அதைப் பார்த்து இவளும் அழுவாள். பால் மாவு வாங்கி வரட்டுமா என்று அப்பா மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"நம்ம வீட்டுல எவளும் டப்பாப் பால் குடுத்து வளத்ததில்ல. இவ மொதல்ல வாயத் தொறந்து திங்கட்டும்" என்றாள் பெரியத்தை. சின்னத்தை போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். நாத்தனார்கள் விஷயத்தில் தலையிட்டால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று அம்மாவுக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை அம்மா என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டுத் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஒரு பெண் ரொட்டித் துண்டைப் பிய்க்க, சீஸ் நூல் நூலாக நீண்டது.

"இது ஒனக்கு வேணுமா?"

"வேணும்."

"அப்பாட்ட கேளு. வாங்கித் தர்ற வரைக்கும் விடாத."

மிட்டாய்க்குக்கூடக் கணக்குப் பார்க்கும் அம்மாவிடமிருந்து இப்படி ஓர் உத்தரவு. நான் சும்மா இருப்பேனா? தரையில் உருண்டு புரண்டு ஊரைக் கூட்டினேன். கடைசியில் பெரியத்தையே பொறுமை இழந்தாள். "அந்தக் கழுதைக்கு அதச் செஞ்சு குடுத்துத் தொலைங்களேன். பச்சப்புள்ள தூங்க வேணாமா?" அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய் சீஸும் ரொட்டியும் வாங்கி வந்தார்.

வீடியோக்காரி நாலு பல் பூண்டு போதும் என்றாள். அம்மா நாலு முழுப் பூண்டை உரித்தாள். நல்லெண்ணெயில் சிவக்க வதக்கி, மிளகோடு நசுக்கி, வெண்ணெயில் குழைத்து ரொட்டியில் அப்பினாள். ஓவனுக்கு எங்கே போக? தோசைக்கல்தான். முதல் ஈடு அடியில் கரிந்துபோனது, மேலே சீஸ் அசையவே இல்லை. அடுத்த ஈட்டுக்குத் தீயைக் குறைத்து, ஓரத்தில் தண்ணீர் தெளித்து மூடி வைத்தாள். சீஸ் உருகி வழிந்தது. எனக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு, மீதியைத் தட்டில் அடுக்கி இன்னொரு தட்டால் மூடினாள்.

"சின்னத்த பக்கத்துல ஒக்காந்து சாப்புடு. யாரு கேட்டாலும் ஒனக்குச் செஞ்சதுதான்."

சின்னத்தை கல்யாணத்துக்கு முன் திருச்சியில் வேலை பார்த்தவள். சம்பள நாளில் தோழிகளோடு இதைத் தேடிப் போய்ச் சாப்பிடுவாளாம். அது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் அப்போது தெரியாது. நான் தட்டைத் திறந்ததும் சின்னத்தை எழுந்து உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்தாள், பிறகு என்னைக் கேட்காமலே இன்னொன்றை. என் சொத்து கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. தின்றுகொண்டே அவள் அழுதாள். மிளகு காரம் போலும் என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் பெரியத்தை. அவளுக்குப் பின்னால் அம்மா. சின்னத்தையின் வாய்க்கும் கைக்கும் நடுவே சீஸ் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது புள்ளைக்குச் செஞ்சதுங்க" என்றாள் அம்மா.

பெரியத்தை கட்டிலில் வந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த துண்டை முகர்ந்து பார்த்தாள்.

"பூண்டு எம்புட்டுப் போட்ட?"

"நாலு முழுப் பூண்டுங்க."

பெரியத்தை முந்தானையால் தங்கையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"நாளைக்கும் இந்தப் புள்ள இதக் கேட்டு அழுவா. செஞ்சு குடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

டப்பாப் பால் வராமலே அந்தக் குழந்தை வளர்ந்துவிட்டது. பூண்டின் வேலையா, வயிறு நிறைந்த நிம்மதியா, யார் கண்டது. ஒரு சண்டையும் போடாமல் ஒருத்தியின் பசியை ஆற்றிய அம்மாவுக்கும், தான் வைத்த சட்டத்தைத் தானே பார்க்காதது போல் தாண்டிப் போன பெரியத்தைக்கும் நான் என்றைக்கும் நன்றி உள்ளவள்.

மறுநாள் எனக்கு ரொட்டி மேல் ஆசையே இல்லை. ஆனாலும் பெரியத்தை சொல்லிவிட்டாளே என்று அடுப்படி வாசலில் நின்று அழுது பார்த்தேன். அவளும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.